பெட்ரோல் பில்டர் மாற்றுதல்: ஒரு கிளிப்பியல் ஆய்வு

“பத்து நிமிஷ வேலை சார்” என்று மெக்கானிக்குகள் அனைவரும் ஒரே குரலில் சொல்லும் வேலைகள் மிகச் சில. பழைய காரின் பெட்ரோல் பில்டரை மாற்றுவது அவற்றுள் தலையாயது. அதே பத்து நிமிஷம், வீட்டுப் போர்ட்டிகோவுக்கு வந்தவுடன் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையாக வீங்குவது ஏன் என்பதே இவ்வாய்வின் வினா. பில்டரின்மேல் பழி போடுவது நெடுநாள் மரபு. அம்மரபு பிழையென்றும், குற்றம் முழுவதும் பில்டரின் இரு மூக்கிலும் டியூபைக் கவ்விக்கொண்டிருக்கும் கிளிப்பையே சாரும் என்றும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஆய்வெல்லை. கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் கார்கள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன: அம்பாசடர், பிரீமியர் பத்மினி, இன்ஜெக்‌ஷன் வருவதற்கு முந்தைய மாருதி 800 ஆகியன. இன்ஜெக்‌ஷன் வண்டிகள் விலக்கப்பட்டன. என்னை? எனின், அவற்றின் குழாயில் பெட்ரோல் சுமார் 3 பார் அழுத்தத்தில் காத்திருக்கும். கார்புரேட்டர் வண்டியில் ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்குதான். அழுத்தத்தை இறக்காமல் முன்னதில் டியூபை உருவினால் பெட்ரோலே ஆய்வாளரின் முகத்தில் கள ஆய்வு நடத்திவிடும்.

துறையின் முன்னோடி ஒரு பெண்மணி. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லிக்கொள்ளாமல் அவர் செய்த மோட்டார் வண்டியில் இரு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தொலைவு சுமார் 100 கிலோமீட்டர். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லாக் ஊர் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியை எடுத்துக் குத்தித் திறந்தார். பார்வையாளர் யாரும் யோசனை சொன்னதாகக் குறிப்பில்லை. பயணம் வெற்றி பெற்றதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். குழாய்க்குள் கசடு வந்தபின் குத்துவதைவிட வருமுன் தடுப்பது நன்று என்ற தெளிவிலிருந்து பிறந்ததே பில்டர்.

பொருளின் இலக்கணம் எளியது. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கூடு; உள்ளே புடவைக் கொசுவம்போல மடித்து வைத்த காகிதம்; இரு பக்கமும் மூக்கு; மேலே ஓர் அம்புக்குறி. விலை, ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையை ஒட்டித்தான். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட் என்னும் பித்தளைத் துளை ஒரு மில்லிமீட்டர் அளவினது, சில அதனினும் நுண்ணியவை. தலைமுடியைவிட மெலிந்த துகள்கூட அங்கே போய்ச் சேராதபடி மறிப்பதுதான் காகிதத்தின் கடமை. டேங்கின் துருவையும் மண்ணையும் மடிக்குள் வாங்கி வாங்கி, ஒருநாள் பெட்ரோலுக்கே வழியில்லாமல் போகிறது. கடமையைக் குறைவறச் செய்ததற்காகவே தூக்கி எறியப்படும் ஒரே உறுப்பு இது. அடைக்காத பில்டர் என்பது வேலை செய்யாத பில்டராகவும் இருக்கக்கூடும் என்பதை உடைமையாளர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

அண்மைக்காலத்தில் இத்துறைக்குப் புத்துயிர் தந்தது எத்தனால். 2023 முதல் இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியது. எத்தனால் நீரை ஈர்க்கும். பழைய ரப்பர் டியூபை ஊறவைத்து உதிர்க்கும். டேங்கின் அடியில் பல்லாண்டாக உறங்கிக்கொண்டிருந்த அழுக்கையும் எழுப்பி அனுப்பும். அடைப்பு அடிக்கடி நேர்வதில் வியப்பில்லை.

நோயறிதல் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அடைத்த பில்டர் தெருவில் பிடிபடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில்தான் வண்டி ஜெர்க் அடிக்கும், இழுக்காது, நிற்கும். ஐந்து நிமிஷம் ஓரங்கட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஸ்டார்ட் ஆகும். காரணம், ஸ்டார்ட்டர் அடிக்கும்போது பம்ப் சொட்டுச் சொட்டாகவேனும் இழுத்துக் கார்புரேட்டரின் கிண்ணத்தை நிரப்பிவிடுகிறது. ஊசியில் தொடங்கிய ஆய்வு கொண்டை ஊசியில் வந்து நிற்பது ஆய்வாளர்களின் கவனத்துக்குரியது.

இங்கே மூன்று பள்ளிகள் தோன்றுகின்றன. தட்டுவோர், ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் பில்டரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மலை ஏறுவர். ஊதுவோர், அதைக் கழற்றி மறுமுனையில் வாய் வைத்து ஊதுவர். பெரிய துருக்கள் வெளியேறும், நுண்ணியவை காகிதத்தோடு குடித்தனம் தொடரும், நோய் திரும்பும். பெட்ரோல் தவறி மூச்சுக்குழலுக்குள் போனால் நுரையீரல் புண்ணாகும் என்பதால் இப்பள்ளியை இவ்வாய்வு வன்மையாக மறுக்கிறது. மாற்றுவோர் மூன்றாமவர். இவர்கள் சென்னையானால் ஜி.பி. ரோட்டுக்குப் போய் வாங்கி வருவர். இரண்டு வாங்குவது மரபு.

கிளிப்புக்கு வருவோம். அது மூவகைப்படும். இரு காதையும் பிளேயரால் அழுத்தினால் விரியும் ஸ்பிரிங் கம்பிக் கிளிப் ஒன்று. திருகி இறுக்கும் ஸ்க்ரூ கிளிப் ஒன்று. முந்தைய மெக்கானிக் அவசரத்தில் முறுக்கிவிட்டுப்போன கட்டுக்கம்பி மற்றொன்று. இதைக் கிளிப்பாகக் கொள்ளலாமா எனின், பிடித்திருக்கும்வரை கொள்ளலாம் என்க. இவற்றுள் ஸ்பிரிங் கிளிப்பே ஆபத்தானது. பிளேயரின் வாயிலிருந்து நழுவியதும் அது எஞ்சினுக்குள் பாயும். “டிங்” என்று ஓர் ஒலி கேட்கும், தரையில் விழாது. பாயை விரித்துப் படுத்துத் தேடினாலும் அகப்படாது. அடுத்த மாதம் வேறெதற்கோ பேட்டரியைத் தூக்கும்போது, அதன் அடியில் துருவோடு சிரிக்கும்.

கிளிப் கழன்றாலும் டியூப் கழலாது. எஞ்சின் சூட்டில் வெந்து பில்டரின் மூக்கோடு ஒன்றியிருக்கும். பலத்தைக் காட்டினால் மூக்கு முறியும், பாதி டியூபுக்குள்ளேயே தங்கும். அறிந்தோர் டியூபின் நுனியில் அரை அங்குலத்தைப் பிளேடால் அறுத்து எடுப்பர். இவ்வாறு அறுத்தறுத்து, ஒருநாள் டியூப் பில்டரை எட்டாமல் போவது தனி வரலாறு.

இத்தருணத்தில்தான் பக்கத்து வீட்டுப் பெரியவர் மதிற்சுவருக்கு மேலே உதயமாகிறார். “தம்பி, அம்புக்குறி பார்த்துப் போடுங்க.” “பார்த்துட்டேன் சார்.” “எந்தப் பக்கம் பார்த்தீங்க?” இவ்வினா அறிவுக்குப் புறம்பானதன்று. பெட்ரோல் காகித மடிப்பின் வெளிப்புறமிருந்து உள்ளே போகும்படி அமைத்திருப்பதால் அழுக்கு வெளியே சேர்ந்து கண்ணுக்குத் தெரியும். திருப்பி மாட்டினாலும் வண்டி ஓடும், கேடே அங்குதான். அழுக்கு உள்ளே ஒளிந்து, வெளியே பளபளப்புக் காட்டி, சீக்கிரமே அடைக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டரை நோக்கி அம்பு இருப்பதே முறை.

தீ பற்றி ஒரு சொல். பெட்ரோலின் ஆவி சுமார் மைனஸ் 40 பாகையிலேயே பற்றக்கூடியது. மார்கழி ஊட்டியின் குளிரும் அதற்குக் கோடைதான். காற்றைவிடக் கனமான ஆவி, தரையோடு தவழ்ந்து போகும். ஆகவே எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் கழன்றிருக்க வேண்டும், வீட்டில் சாம்பிராணி போடுவது ஒத்திவைக்கப்பட வேண்டும். “வெள்ளிக்கிழமை போட வேண்டியதை இன்னைக்குத்தான் போடறேன், அதுக்கும் உங்க காரா?” என்று உள்ளிருந்து எழும் எதிர்வாதத்துக்கு விடையில்லை. டேங்க் நிறைந்திருக்கும் நாளில் தொடங்கலாகாது; கழற்றிய டியூபின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி வைப்பது நலம். சிந்தியதைத் துடைக்கத் திருப்பூர் தந்த பனியன் வேஸ்ட் உண்டு. அதை அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது.

மாட்டியபின் வண்டி உடனே எடுக்காது. பில்டரும் கிண்ணமும் காலி. சில முறை விட்டுவிட்டு ஸ்டார்ட்டர் அடித்தால் பம்ப் இழுத்து நிரப்பும். பில்டர் முழுவதும் நிரம்பாமல் மேலே கொஞ்சம் காற்று நின்றால் அஞ்ச வேண்டியதில்லை.

இனிக் கருதுகோளின் முடிவுச் சான்று. மாருதி 800 போலப் பில்டர் பம்புக்கு முன்னால் அமைந்த வண்டியில், பம்ப் அந்த டியூபில் பெட்ரோலைத் தள்ளுவதில்லை, உறிஞ்சுகிறது. அங்கே கிளிப் தளர்ந்தால் ஒரு சொட்டும் ஒழுகாது. மாறாகக் காற்று உள்ளே ஏறும். காற்று ஏறினால் மேட்டில் வண்டி ஜெர்க் அடிக்கும், இழுக்காது, நிற்கும். அதாவது அடைத்த பில்டரின் குறிகள் அத்தனையும் புத்தம்புது பில்டரோடு திரும்பிவரும். உடைமையாளர் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே, வாங்கி வைத்த இரண்டாவதையும் மாட்டுவார். கிளிப் பேசாமல் இருக்கும்.

கழற்றிய பழைய பில்டரை வெயிலில் நன்கு உலர்த்தி, ஆக்ஸா பிளேடால் கையாலேயே அறுத்துப் பார்ப்பது ஆய்வின் கடைசிப் படி. செம்பழுப்புத் தூள் டேங்கின் துரு. அடியில் மண் இருந்தால் பெட்ரோல் நிரப்பும் மூடியைப் பார்க்க வேண்டும். கருத்து மெத்தென்று பிசுபிசுத்தால் உதிர்வது டியூப். பில்டருக்கு வருவதும் போவதுமாக இரண்டு டியூபையும் மாற்றியாக வேண்டும். அடுத்த ஞாயிறு அதற்கு. டியூபுக்கு இரு முனை வீதம் நான்கு கிளிப்.