பத்துக்குப் பின் இரண்டு

நிரல் எழுதப் புதிதாக வந்தவர் அலுவலகத்து ஐபி முகவரிகளை வரிசைப்படுத்துகிறார். 192.168.1.10 முன்னே நிற்கிறது, 192.168.1.2 பின்னே. எழுத்துச் சரமாகச் சேமித்தால் அகரவரிசைதான் வரும்.

“ஒவ்வொன்றும் 32 பிட் எண். பைத்தான் 3.3-இலேயே, 2012-இல், இதற்கென ‘ஐபிஅட்ரஸ்’ தொகுதி வந்துவிட்டது” என்கிறார் மூத்தவர்.

“அருமையான யோசனை சார்!”

தலையாட்டிய கையோடு தம் வழியே போகிறார் புதியவர்: எல்லாவற்றுக்கும் முன்னால் பூஜ்ஜியம் ஒட்டி மூன்று இலக்கமாக்குகிறார். வரிசை கச்சிதம்!

ஆனால், லினக்ஸில் பிங் போன்ற கருவிகள் 010-ஐ எட்டின் அடிமானத்தில் வாசித்து 8 ஆக்கிவிடும். இந்தக் குழப்பத்தால்தான் பைத்தான் 3.9.5 முன்பூஜ்ஜியத்தை ஏற்க மறுத்தது.

பத்தாம் எண் பிரின்டருக்கு அனுப்பிய பிங்குக்கு எட்டாம் எண்ணிலிருக்கும் மேலாளரின் கணினி பதில் சொல்கிறது.

“சார், நெட்வொர்க்கில்தான் ஏதோ கோளாறு. ஆள் வரச் சொல்லட்டுமா?”