நியாயமான நிரலுக்கு ஒரு முத்திரை

காப்பிக்கொட்டைக்கு 1988-லேயே நியாயம் கிடைத்துவிட்டது. மெக்சிகோ விவசாயிகள் விளைவித்ததற்கு நெதர்லாந்தில் 'மாக்ஸ் ஹாவலார்' என்ற நியாய வணிக முத்திரை குத்தினார்கள். பிறகு அதே நாட்டில் மென்பொருளுக்கும் நியாய வணிகம் வேண்டுமென்று ஓர் அறக்கட்டளை கிளம்பி, கென்ய நிரலாளர்களைச் சேர்த்துக்கொண்டது. அருமையான யோசனை. புதுச்சேரியின் மூலக்குளத்துக்கு மட்டும் ஏன் தாமதம்?

முத்திரை வேண்டுமென்றால் நிரலை உள்ளூர் ஆள்தான் எழுதினார் என்று நிரூபிக்க வேண்டும்; அது நமக்குக் கைவந்த கலை. ரேஷன் கார்டு, இருப்பிடச் சான்று, இரண்டு போட்டோ, எல்லாவற்றிலும் கெசட்டட் அதிகாரி கையெழுத்து. ரெட்டியார்பாளையம் டீக்கடையில் உட்கார்ந்து எழுதிய வரிகளுக்குத் தனிப் பதிவேடு. வில்லியனூர் பக்கம் போய்த் திருத்திய பிழை செல்லாது. பிழையை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். தணிக்கையாளர் ஐரோப்பாவிலிருந்து வருவார். விமானக் கட்டணத்தை நிரலாளர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். வளரும் நாட்டுக்காக இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

ஒரே ஒரு சிக்கல். நிரல் எழுதியவன் மூலக்குளத்திலேயே பிறந்து வளர்ந்த பையன்தான். ஆனால் 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது கிடைத்த ஆறு மாத அவகாசத்தில் தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று வையுங்கள். பேரன் கையிலும் பிரெஞ்சு பாஸ்போர்ட். ஆக, அவன் வளர்ந்த நாட்டுக்காரன். முத்திரை கிடையாது. நியாயம் பார்த்தால் பாரிஸ் சம்பளம் வேறு கொடுக்க வேண்டும் என்பதால், அவனை உடனே வேலையிலிருந்து நிறுத்தும்படி தணிக்கையாளர் பரிந்துரைப்பார். அந்த அறிக்கையைத் தட்டச்சு செய்துதர உள்ளூரில் ஓர் ஆள் தேவைப்படும். பிரெஞ்சு தெரிந்திருந்தால் முன்னுரிமை.