நாற்காலி நுனி மனிதர்

இவரை உங்களுக்குத் தெரியும். ரயில் தாம்பரத்தை நெருங்கும்போதே பெட்டியை இறக்கிவைத்துக்கொண்டு, எழும்பூர் வரைக்கும் வாசலை அடைத்து நிற்பாரே, அவர்தான். லிஃப்டில் ஏற்கெனவே எரிகிற பொத்தானை மறுபடி அமுக்குவார். சிக்னல் பலகை நாற்பது விநாடி பாக்கி என்று காட்டினால், ஹாரன் அடித்து அதை முப்பதாக்கப் பார்ப்பார். கல்யாணப் பந்தியில் மற்றவர்கள் சாம்பாரில் இருக்க, இவர் ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக் காத்திருப்பார். நாம் பேச ஆரம்பித்தால் வாக்கியத்தை அவரே முடித்துவைப்பார், பெரும்பாலும் தப்பாக.

இதய மருத்துவத்தில் இவருக்கு ஒரு பெயர் உண்டு: டைப் ஏ. வைத்தவர்கள் சான் பிரான்சிஸ்கோவின் மேயர் ஃபிரீட்மன், ரே ரோஸன்மன் என்ற இரு டாக்டர்கள். அவர்கள் கிளினிக் நாற்காலிகளுக்கு உறை மாற்ற வந்தவர்தான் முதலில் கவனித்தாராம்: சாயும் பக்கம் புதுசு மாதிரி இருக்கிறது, இருக்கையின் முன் விளிம்பும் கைப்பிடியும் மட்டும் தேய்ந்து கிடக்கின்றன. நோயாளிகள் யாருமே முழுசாக உட்காரவில்லை! டாக்டர்கள் இதைக் காதில் வாங்கச் சில வருஷம் ஆயிற்று. அவர்களுக்கும் என்ன அவசரமோ.

1959-ல் கட்டுரை வந்தது. அடுத்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை எட்டரை வருஷம் தொடர்ந்து பார்த்ததில், டைப் ஏ ஆட்களுக்கு இதயநோய் சுமார் இரண்டு மடங்கு வந்திருந்தது.

இதைச் சொன்னால் நம்மவர் பயப்படமாட்டார். "ஏ-வா? அப்ப பி யாரு?" என்பார். நிதானமான ஆசாமிகள்தான் பி என்றால், மச்சினனை நினைத்து முகம் மலரும்.

அவர் மலர்ச்சிக்குப் பின்னால் வேறு நியாயமும் கிடைத்தது. 1980-களில் வந்த பெரிய ஆய்வுகளில் இந்தத் தொடர்பு ஆட்டம் கண்டது. முதல் மாரடைப்பில் பிழைத்தவர்களில் டைப் ஏ ஆட்களே அதிகம் தாக்குப்பிடித்தார்கள் என்றுகூட 1988-ல் ஒரு கணக்கு வந்தது. நடுவே சிகரெட் கம்பெனிகள் இந்த ஆராய்ச்சிக்குப் பணத்தை அள்ளி விட்டதும் பின்னால் தெரிந்தது. நெஞ்சு வலித்தால் குணத்தைக் குற்றம் சொல்லலாம், பீடி சிகரெட்டுக்குப் பழி இல்லை. அவர்களுக்கு எவ்வளவு சௌகரியம்!

கடைசியில் சல்லடையில் தங்கியது வேகம் அல்ல, சிடுசிடுப்பு. எதிரில் வருகிறவன் நம்மை ஏமாற்றத்தான் வருகிறான் என்கிற அந்தச் சந்தேகமும் கோபமும். பெருங்கோபம் வந்த பிறகான இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் போகிறது என்று 1995-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஆகவே, நம்மவர் ரயில் வாசலில் நிற்பதில் மோசம் இல்லை. "தள்ளி நில்லுங்க சார்" என்றவரை முறைத்தாரே, அங்கேதான் விவகாரம். போன வாரம் ஆட்டோக்காரர் கொடுக்கவேண்டிய பத்து ரூபாய் மிச்சத்தை அவர் இன்றைக்கும் ராத்திரி படுக்கையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஃபிரீட்மனே டைப் ஏ பேர்வழி. தன் மாரடைப்பையும் பார்த்துவிட்டு 2001 வரை, 90 வயதுக்கு வாழ்ந்தார். நோயாளிகளுக்கு அவர் கொடுத்த பயிற்சிகள் விசித்திரமானவை: கடிகாரத்தைக் கழற்றிவை, சாலையில் மெதுவான தடத்தில் போ, கடையில் இருப்பதிலேயே நீளமான வரிசையாகப் பார்த்து நில்.

நம்மவரும் செய்து பார்த்தார். சூப்பர் மார்க்கெட்டில் நீளமான வரிசையைத் தேடி நின்றார். ஆனால் கண் முழுக்கப் பக்கத்து வரிசையில் இருந்தது. தனக்கு நேராக அங்கே நின்ற சிவப்புச் சட்டைக்காரரை மனசில் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டார்: "ஏங்க, டாக்டர் சொன்ன மாதிரி பொறுமையா நின்னீங்களா?"

"நின்னேன். சிவப்புச் சட்டை இன்னும் பில்லே போடலை. நான் வந்துட்டேன் பாரு!"