தேவாங்கின் முகக்குற்றம்: ஓர் ஆய்வு

மெலிந்த பையனைக் கண்டால் ‘என்னடா, தேவாங்கு மாதிரி இருக்கே’ என்று கேட்பது தமிழர் மரபு. பெரும்பாலும் அத்தைமார்களே கேட்பார்கள். அவர்களில் தேவாங்கை நேரில் கண்டவர் ஒருவரும் இல்லை என்பதே இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. பார்க்காத பிராணிக்கு இவ்வளவு கெட்ட பெயர் எப்படி வந்தது என்பதே நம் ஆய்வுப் பொருள்.

முதலில் கோட்பாடு. 1943இல் ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ் குழந்தை முகத்துக்கு இலக்கணம் வகுத்தார். பெரிய தலை, புடைத்த நெற்றி, பெரிய கண்கள், உப்பிய கன்னம்: இவற்றை எந்த உயிரிடம் கண்டாலும் மனிதன் கொஞ்சத் தொடங்கிவிடுவான் என்றார். இதன்படி தேவாங்கு முதல் வகுப்பில் தேற வேண்டும். 300 கிராம்கூட நிறையாத உடம்பு, உருண்டைத் தலை, முகத்தில் பாதியை அடைத்த கண்கள். இருந்தும் தேறவில்லை. லோரன்ஸ் பட்டியலில் ‘குட்டையான, தடித்த கைகால்’ என்றும் ஒரு விதி உண்டு. தேவாங்குக்கோ பென்சில் பென்சிலாக நான்கு. மதிப்பெண் அங்கேதான் போகிறது. கைக்குழந்தை முகத்தோடு கிழவர் கைகால் சேர்ந்திருப்பதை மனம் ஏற்பதில்லை.

இரண்டாவது கருதுகோள், சந்திப்பு நேரம் பற்றியது. பகல் முழுக்க அது மரத்தில் சுருண்டு தூங்கும். இரவில் எறும்பும் வண்டும் தேடி மெல்ல நகரும்போதுதான் நாம் முகத்தில் டார்ச் அடிக்கிறோம். கண்கள் தணலாக மின்னுகின்றன. அகாலத்தில் முகத்தில் வெளிச்சம் அடித்தால் யார் லட்சணமாக இருப்பார்? ஐயமுள்ளோர் தம் ஆதார் அட்டைப் படத்தை எடுத்துப் பார்க்கலாம்.

வெளிநாட்டுச் சான்றும் உண்டு. 2013இல் பிரிட்டனில் உலகின் அவலட்சணமான விலங்கு எதுவென்று வாக்கெடுப்பு நடந்தது. வென்றது ப்ளாப்ஃபிஷ். தொங்கிய மூக்கும் பிசைந்த மாவுமாக அதன் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 600 மீட்டருக்கும் கீழே, பெரும் நீரழுத்தத்தில் வாழும் மீன். அங்கே ஏறக்குறைய மற்ற மீன்களைப் போலத்தான் இருக்கும். வலையில் மேலே இழுத்தால், அழுத்தம் குறைந்து வழவழத்த உடம்பு குலைந்துவிடும். ஆளை அடித்துப் போட்டுவிட்டு முகம் வீங்கியிருக்கிறது என்று பரிசளித்த கதை இது.

தேவாங்கின் மீது நியாயமான ஒரு குற்றச்சாட்டும் உண்டு. மறைப்பது ஆய்வு நெறியன்று. அது தன் சிறுநீரையே கைகாலில் பூசிக்கொள்ளும். நச்சுப் பூச்சிகளின் கடியைச் சமாளிக்கத்தான் என்பது ஒரு விளக்கம். அத்தைமார்களுக்கு இது தெரியாதது நம் அதிர்ஷ்டம்.

வசவோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கே அவசியமில்லை. மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் தேவாங்கைப் பிடித்துக் கொல்கிறார்கள். அதன் தூரத்து உறவான அய்-அய் என்னும் விலங்கு, அபசகுனம் என்று மடகாஸ்கரில் அடிபட்டுச் சாகிறது. முகராசி இல்லாத குடும்பம்.

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயத்தைத் தமிழக அரசு 2022இல் அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. ஆனால் சரணாலயம் மட்டும் போதாது: தேவாங்குக்குத் தாவத் தெரியாது. கிளை விட்டுப்போன இடத்தில் தரையில் இறங்கித்தான் சாலையைக் கடக்கும், அதுவும் ஆற அமர. கடவூர், அய்யலூர் பக்கம் இரவில் வண்டி ஓட்டுவோர் வேகத்தைக் குறையுங்கள்.