பாதரட்சையும் கிளச்சும்: கண்டிப் பிரதேசத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

இராமபிரானின் பாதுகைகளைப் பற்றி 1008 சுலோகங்களில் பாதுகா சகஸ்ரம் என்னும் நூலைச் செய்தருளிய வேதாந்த தேசிகருக்குப் பின், பாதரட்சை என்னும் விஷயத்தைப் பண்டிதர்கள் ஏறெடுத்துப் பார்க்காமல் விட்டுவிட்டமையால், அதற்கும் மோட்டார் வண்டியின் மூன்று மிதிகளுக்கும் உள்ள சம்பந்தம் இன்றுவரை ஆராயப்படாமலே கிடக்கிறது. தகுதியில்லாதவன் ஆயினும் அக்குறையை நீக்கத் துணிகின்றேன். ஆராய்ச்சிக் களமாகக் கண்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் நான் அங்கே குடியிருப்பது மாத்திரமன்று.

1660இல் சிறைப்பட்டு, ஏறக்குறைய 20 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் காலங்கழித்த ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தம் நூலில், அவ்விராச்சியத்திலே சப்பாத்து அணியும் உரிமை அரசன் ஒருவனுக்கே உரியதென்றும் பிரபுக்களும் வெறுங்காலினரே என்றும் எழுதியிருக்கின்றார். அவ்வரசன் இரண்டாம் இராஜசிங்கன்; 1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயரைத் தோற்கடித்தவன். அப்படைக்கு மலைமேல் இடம் கிடைக்கவில்லை. ஆனால் சப்பாத்து என்னும் போர்த்துக்கேயச் சொல் மட்டும் எந்தக் காவலாளியும் தடுக்காமல் மலையேறி வந்து நம் நாவில் குடிகொண்டுவிட்டது. 1815இல் இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனபின், கச்சேரிக் குமாஸ்தாவும் பாதமளவில் அரசனானான். அன்று கிடைத்த அந்த அரசுரிமையைக் கார் ஓட்டும்போது வைத்துக்கொள்வதா, துறப்பதா என்பதே நம்முன் உள்ள பிரச்சினை.

கிளச் என்பது யாது? இயந்திரத்தோடு சுழலும் சக்கரத்துக்கும் அழுத்தும் தகட்டுக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட ஒரு வட்டத்தகடு. இடது காலால் மிதியை அழுத்தினால் அது விடுபடும், காலை மெல்ல எடுத்தால் பற்றிக்கொள்ளும். விடுதலைக்கும் பற்றுக்கும் நடுவே, முழுவதும் பற்றாமலும் முழுவதும் விடாமலும் தகடு உராயும் ஒரு நிலையுண்டு. அதனைச் சாரதிகள் அரைக் கிளச் என்பர். வேதாந்திகள் நெடுங்காலமாகத் தேடிவரும் அந்நிலை, ஏரிக்கரையிலிருந்து பகிரவகந்தைக்கு ஏறும் பாதையிலே முன்னால் ஒரு வண்டி நின்றுவிட்டால் எவனுக்கும் உடனடியாகத் தேவைப்படுகிறது. அதைக் கண் காணாது. காது அரைகுறையாகவே அறியும். உள்ளங்காலே சரிவர உணரும். (தானியங்கிக் கியர் வண்டிக்காரர்களின் இடது காலுக்கு உத்தியோகமே இல்லையாதலால் அவர்கள் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானவர்கள்.)

இனிப் பாதரட்சைகளுக்கு வருவோம். தடித்த அடித்தோல் கொண்ட சப்பாத்தினூடாக மிதியின் நடுக்கம் உள்ளங்காலுக்கு வந்துசேர்வது, தபாலில் வரும் மரணச்செய்தியைப் போன்றது: செய்தி மெய்யே, ஆனால் காரியம் முடிந்துபோயிருக்கும். ஒருமுறை கலியாணத்துக்கு வாங்கிய புதுச் சப்பாத்தோடு மேற்சொன்ன ஏற்றத்தில் நான் அரைக் கிளச்சைத் தேடிக்கொண்டிருக்க, வண்டி பின்னோக்கி இரண்டு முழம் உருண்டு, ஒரு முச்சக்கரவண்டியின் மூக்கருகே நின்றது. பக்கத்தில் இருந்த அத்தான், "தம்பி, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஓடும்" என்றார். அவர் யாழ்ப்பாணத்தவர், வண்டியைச் செலுத்துவதை அவ்வூரில் ஓடுவதென்றே சொல்வர். ஆயினும் பின்னால் இறங்கி வந்துகொண்டிருந்த முச்சக்கரவண்டிக்காரரின் முகத்தைக் கண்டபோது, அச்சொல்லின் மற்றப் பொருளும் எனக்கு உசிதமாகவே தோன்றிற்று.

பாட்டா என்று நாம் பொதுப்பெயராகவே வழங்கும் இறப்பர்ச் செருப்பு இதனினும் கொடியது. அடி மெல்லியதாதலால் உணர்ச்சிக்குக் குறைவில்லை. ஆனால் குதிகாலைப் பற்றிக்கொள்ளும் பட்டி இல்லாமையால், அக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் கால் தாவும் அந்தக் கணத்திலே அது மடிந்து மிதியின் கீழ் நுழைந்துகொள்ளும். ஆகவே வெறுங்காலே உத்தமம் என்பது அத்தானின் சித்தாந்தம். அவருடைய மொறிஸ் மைனர் வண்டியில் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை டிரம் பிரேக்குகள். அவற்றினுள்ளே அழுத்தும் உறுப்புக்குப் பெயரே பிரேக் ஷூ. சக்கரம் ஏற்கெனவே சப்பாத்து அணிந்திருக்க, சாரதியும் அணிவது கூறியது கூறல் என்னும் குற்றமாகும் என்பார். மேலும் தலதா மாளிகை வாசலிலும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வாசலிலும் செருப்பைக் கழற்றுகிற ஊரில், கார்க் கதவைத் திறந்ததும் கழற்றுவதில் என்ன அவமானம் என்றும் கேட்பார். மழைநாளில் ஈரப்பாதம் மிதியில் வழுக்குமே என்றால், அதற்கென ஒரு துவாய்த்துண்டு வைத்திருக்கிறார்.

ஆயினும் கழற்றிய செருப்பை எங்கே வைப்பது என்பதில் அச்சித்தாந்தம் ஒருநாள் சறுக்கியது. கடுகண்ணாவைக் கணவாயில், 1829இல் மறைந்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரத்தைத் தாண்டி, இரண்டாம் கியரில் கொழும்புப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தோம். ஆசனத்தடியில் வைத்திருந்த செருப்புகளில் ஒன்று, சரிவின் இயல்பை அனுசரித்து முன்னே நகர்ந்து, பிரேக் மிதியின் கீழ் சாவதானமாகப் படுத்துக்கொண்டது. கியரும் கைப்பிரேக்கும் எங்களைக் காத்தன. அத்தான் ஓரமாக நிறுத்தி, வியர்வையைத் துடைத்து, பரதன் பாதுகைகளுக்குச் சிம்மாசனம் கொடுத்த காரணம் இப்போதுதான் விளங்குகிறது என்றார்.

அன்றுமுதல் அச்செருப்புச் சோடிக்கு முன்பக்கத்து இடது ஆசனம். அக்கா பின்னால் இருந்து வருகிறாள்.