தண்டனை கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: மைதானத்துக்கு வெளியே ஓடிய குடிமகன்.

பெறுநர்: எங்கள் பேட்டைக் காவல் நிலையத்தின் உயர்திரு ஆய்வாளர் அவர்கள் சமூகத்துக்கு.

பொருள்: நாள்தோறும் காலை 6 மணிக்குத் தண்டனை வழங்கி அருளக் கோருதல் - தொடர்பாக.

பார்வை: தங்கள் ரோந்து வண்டியிலிருந்து வந்த வாய்மொழி ஆணை.

நாள்: 29.1.2022

பேரன்புடையீர், வணக்கம்.

சென்ற வாரம் ஒரு வேலைநாளின் விடியற்காலையில், பூட்டிக் கிடக்கும் எங்கள் விளையாட்டு மைதானத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தேன். இரவு ஊரடங்கு 5 மணிக்கே முடிந்திருந்தது. மூக்கு வெளியே தெரிந்தால் 500 ரூபாய் என்பதால் முகக்கவசம் மூக்குக்கு மேலேதான் இருந்தது. மூச்சுதான் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. முன்னால் ஒரு நாய். பின்னால், நல்ல தூரத்தில், இரண்டு பையன்கள். அப்போதுதான் தங்கள் வண்டி வந்து நின்றது. "டேய், எங்கடா ஓடுற?"

எனக்கு வயது 54. வீட்டுக்கு மருமகன் வந்தாயிற்று. ஆனாலும் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு இவ்வளவு உரிமையோடு என்னை யாரும் கூப்பிட்டதில்லை என்பதால் நெகிழ்ந்துபோய் நின்றேன். "எக்சர்சைஸ் சார்" என்றேன். "கொரோனா நேரத்துல என்ன எக்சர்சைஸ்?" என்று கேட்ட தங்கள் காவலர், எங்கள் மூவரையும் வரிசையில் நிறுத்தி, காதைப் பிடிக்கச் சொல்லி, தோப்புக்கரணம் போட வைத்தார். இடைவெளி விட்டுத்தான் நிறுத்தினார்; அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் சேரும். எண்ணிக்கையை உரக்கச் சொல்ல வேண்டும். தப்பினால் முதலிலிருந்து.

உடற்பயிற்சி செய்த குற்றத்துக்கு உடற்பயிற்சியையே தண்டனையாக விதித்த இந்தத் தீர்ப்பு மனுநீதிச் சோழனுக்குக்கூடத் தோன்றியிருக்காது.

வண்டிக்குள் இருந்து எடுத்த வீடியோ அன்று மாலைக்குள் என் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர் என் சம்பந்தி. 'விழிப்புணர்வு, அனைவருக்கும் பகிரவும்' என்று மேலே போட்டிருந்தது. முகக்கவசத்தால் முகம் தெரியவில்லை. ஆனால் நான் போட்டிருந்த டி-ஷர்ட் பொங்கலுக்கு அவர் எடுத்துக் கொடுத்தது. "நீங்கதானே?" என்று மட்டும் கேட்டிருந்தார். இன்னும் பதில் போடவில்லை.

புகார் சொல்ல இதை நான் எழுதவில்லை ஐயா. புகார் சொல்கிறவர்கள் வேறு ஜாதி. அவர்களுக்கு முழங்கால் நன்றாக இருக்கும். யோசித்துப் பார்த்ததில் தங்கள் ஏற்பாட்டில் பெரிய வசதி ஒன்று இருப்பது புலப்பட்டது. ஓடினால் குற்றம். பந்து போட்டால் குற்றம். ஆனால் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தால் அது சட்டத்தின் ஆட்சி. மைதானத்தில் நாலு பேர் நின்றால் தொற்று பரவும். தங்கள் முன்னிலையில் நாலு பேர் நின்றால் பரவாது. ஆகவே எங்கள் தெருக்காரர்கள் சார்பாகப் பணிந்து கேட்பது ஒன்றே: எங்களுக்குத் தினமும் காலை 6 முதல் 7 வரை தண்டனை வழங்குங்கள். வருகைப் பதிவேட்டை நாங்களே கொண்டுவருகிறோம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடமாவது உடலை அசைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தங்கள் லத்தியின் நிழலில் அதை நாங்கள் சுலபமாகத் தாண்டிவிடுவோம். இதே தோப்புக்கரணத்தை 'சூப்பர் பிரெயின் யோகா' என்று பெயர் வைத்து அமெரிக்காவில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தாங்கள் பெயர்கூட வைக்காமல் இலவசமாகத் தருகிறீர்கள்.

இந்த ஞானம் மேலிடத்தில் இல்லையே என்பதுதான் என் வருத்தம். சுகாதாரத்துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன் மாரத்தான் ஓடுபவர். முதலமைச்சர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டிய படத்தை நாடே பார்த்தது. கோட்டையில் உடற்பயிற்சியாக இருப்பது எங்கள் பேட்டைக்கு வந்து சேர்வதற்குள் எந்த மேசையில் குற்றமாக மாறுகிறது என்று தெரியவில்லை. மெரினாவில்கூட இந்த மாதம் மணலில் இறங்கத்தான் தடை. நடைபாதையில் நடக்கலாம் என்றார்கள். கிருமி மணலில் குடியிருக்கும், சிமெண்டில் ஏறாது என்று யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். எங்கள் மைதானத்தைச் சுற்றி இருப்பதும் சிமெண்டுதான் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

விதி போடத் தெரியாத அரசாங்கம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. இந்தப் பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு நடந்த அழகைப் பாருங்கள். மாடுபிடி வீரர்கள் 300 பேர். பார்வையாளர்கள் 150 பேருக்கு மேல் கூடாது. இரண்டு தவணை ஊசி போட்டிருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்று வேண்டும். 16ஆம் தேதி ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூரை 17க்குத் தள்ளிவைத்தார்கள். ஜல்லிக்கட்டை நடத்தியதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. மனம் வைத்தால் எத்தனை நுணுக்கமாக யோசிக்க முடியும் என்பதைத்தான் சொல்கிறேன். எத்தனை பேர், எந்தச் சான்று, எந்த நாள் என்று காளைக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்த அரசாங்கத்துக்கு, கார்ப்பரேஷன் மைதானத்தில் ரப்பர் பந்து விளையாடும் பிள்ளைகள் என்று வரும்போது ஒரே ஒரு யோசனைதான் வருகிறது: பூட்டு. காளைக்கு டோக்கன் உண்டு. எங்களுக்குத் தண்டனைதான் உண்டு. அதையாவது முறைப்படுத்திக் கொடுங்கள்.

அதே 16ஆம் தேதி, நாம் கதவைச் சாத்திக்கொண்டு காணும் பொங்கலை டிவியில் கண்டுகொண்டிருந்தபோது, மெல்போர்னில் டென்னிஸ் ஆட்டக்காரர் ஜோகோவிச்சின் விசா வழக்கு நடந்தது. தடுப்பூசி போட்டுக்கொள்ளாதது அவர் இஷ்டம். ஊசி போடாமல் அடுத்தவன் நாட்டுக்குள் நுழைவது அவர் இஷ்டம் இல்லை. திருப்பி அனுப்பியது சரி என்பது என் கட்சி. விசாவை ரத்து செய்து, நீதிமன்றம் திருப்பிக் கொடுத்து, அமைச்சர் மறுபடி ரத்து செய்து என்று பத்து நாள் கூத்தடித்ததையும் மறுக்கவில்லை. ஆனால் முறையைப் பாருங்கள். ரத்துக்கு எழுத்தில் காரணம் சொன்னார்கள். வக்கீல் எழுந்து வாதாடினார். மூன்று நீதிபதிகள் ஞாயிற்றுக்கிழமையில் வழக்கைக் கேட்டு அன்றைக்கே தீர்ப்பும் சொன்னார்கள். உலகத்தின் முதல்நிலை ஆட்டக்காரரை யாரும் காதைப் பிடிக்கச் சொல்லவில்லை. பாவம், அவருக்குப் பயிற்சி விட்டுப்போயிருக்கும்.

அந்த மெல்போர்ன் சாதாரண ஊரும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 262 நாள் அடைபட்டுக் கிடந்த ஊர். 2020 ஆகஸ்டில் பிடி மிகவும் இறுகியிருந்தபோதுகூட, வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள், நாளுக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சிக்கு வெளியே போகலாம் என்று உத்தரவிலேயே எழுதி வைத்திருந்தார்கள். நோயை அவர்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மனிதனுக்குக் கால் என்று ஒன்று உண்டு என்பதையும் மறக்கவில்லை.

நம் ஊர்க் கணக்கு வேறு. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தோடு முதல் டெஸ்ட், அரங்கம் காலி. நாலு நாள் கழித்து அதே மைதானத்தில் அடுத்த டெஸ்ட். பாதி நாற்காலிகளுக்கு ஆள் விட்டார்கள். அஸ்வின் சொந்த ஊர்க் கூட்டத்துக்கு முன்னால் சதம் அடித்தார். வீட்டிலிருந்து நானும் கைதட்டினேன். ஏப்ரல் 9இல் அங்கேயே ஐபிஎல் தொடங்கியது. வீரர்கள் குமிழிக்குள், நாம் ஆஸ்பத்திரி வாசலில். தன் குடும்பமே நோயோடு போராடுகிறது என்று அஸ்வின் பாதியில் விலகிப் போனார். மே 4இல் குமிழியும் உடைந்து ஆட்டம் நின்றது. இதில் எல்லாக் கட்டத்திலும் மாறாமல் இருந்தது எங்கள் மைதானத்துப் பூட்டு ஒன்றுதான். கூட்டம் வரலாம் என்றபோதும் பூட்டு. வரக்கூடாது என்றபோதும் பூட்டு.

அந்த மே மாதத்தை மறந்துவிட்டு இதை எழுதவில்லை. ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றதைப் பார்த்தவன். எங்கள் தெருவிலேயே சாவு விழுந்தது. கட்டுப்பாடே வேண்டாம், என் உடம்பு என் உரிமை என்று நெஞ்சை நிமிர்த்துகிற ஆள் நான் இல்லை. மூடு என்றால் மூடுகிறேன். ஆனால் எதை மூடுகிறாய், ஏன் மூடுகிறாய், எப்போது திறப்பாய் என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? இரண்டு வருடமாகப் பிள்ளைகள் செல்போனைப் பார்த்துக்கொண்டு மூலையில் சுருண்டு கிடக்கிறார்கள். காற்று வீசும் திறந்த வெளி பூட்டிக் கிடக்கிறது. கதவடைத்த ஏசி தியேட்டர் பாதி நாற்காலிக்கு ஓடுகிறது. மூடிய அறையில் வேகமாகப் பரவுகிற நோய் இது என்பது இந்நேரம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துகொண்டே செய்கிறார்கள். தியேட்டருக்குச் சங்கம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

மன்னிக்க வேண்டும். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டது. தண்டனை கிடைக்காத நாட்களில் இப்படித்தான் ஆகிறது.

தங்கள் துறையின் விளையாட்டுத் தொண்டு 2020லேயே தொடங்கியது என்பதை நன்றியோடு நினைவுகூர்கிறேன். திருப்பூரில் மரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்களைப் போலீஸ் ட்ரோன் துரத்தியது. கேரம் போர்டை மேலே பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டு அவர்கள் ஓடிய ஓட்டத்துக்கு, வடிவேலு வசனம் சேர்த்து வீடியோ வந்தது. தமிழகமே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான். அதற்கு இரண்டு மாதம் கழித்து, கடையை மூட நேரமாகிவிட்டது என்று சாத்தான்குளத்தில் அழைத்துப் போகப்பட்ட அப்பாவும் மகனும் வீடு திரும்பவில்லை. அதன் பிறகு எனக்கு அந்த வீடியோவுக்குச் சிரிப்பு வருவதில்லை. என்னைத் தோப்புக்கரணத்தோடு விட்டார்களே என்று என் மனைவி சென்ற வாரம் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தாள். அவள் கேலிக்காகச் செய்யவில்லை ஐயா. நிஜமாகவே பயந்துபோய் உடைத்தாள். ஒரு நடுத்தர வயதுக்காரன் காலையில் ஓடப் போனதற்கு.

போகட்டும். என்னோடு வரிசையில் நின்ற பையன்களில் ஒருவர் காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும் என்று தங்கள் துறைதான் விதித்திருக்கிறது. எங்கே ஓடுவது, எதில் ஏறுவது என்று துறை சொல்லவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன தொடர் ஓட்ட அணியில் இடம்பிடித்த நாகநாதன் பாண்டி தங்கள் துறைக் காவலர் என்று நாமெல்லாம் பெருமைப்பட்டோம். அவரும் ஏதோ ஒரு மைதானத்தில் யாரும் மறிக்காமல் ஓடித்தானே அங்கே போயிருப்பார். எங்கள் பேட்டைப் பையன் அடுத்த ஆண்டு தங்கள் நிலையத்துக்கே பணிக்கு வரக்கூடும். ஊரடங்கை மீறுபவர்களை எப்படி எண்ண வைப்பது என்று அவருக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது.

சாவி விஷயமாக ஒரு வார்த்தை. அரசாங்கம் இரவு ஊரடங்கை எடுத்துவிட்டது. ஞாயிறு ஊரடங்கும் போயிற்று. பிப்ரவரி 1இல் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். பூட்டுக்கு மட்டும் இன்னும் தகவல் வரவில்லை. வார்டு அலுவலகத்தில் கேட்டேன். "போலீஸ்தான் சார் மூடச் சொன்னாங்க" என்றார்கள். தங்கள் நிலையத்தில் ரைட்டர் ஐயாவைக் கேட்டேன். "அது கார்ப்பரேஷன் பூட்டு" என்றார். வாட்ச்மேனைக் கேட்டால் மேலே பார்த்துக் கையை விரிக்கிறார். நேற்று மாலை வேட்பாளராக நினைக்கும் ஒருவர் நாலு பேரோடு வந்து, கேட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, பூட்டைத் தொட்டுப் பார்த்து, "ஜெயிச்சு வந்ததும் மொத வேலை இதுதாண்ணே" என்று என்னிடம் சொல்லிப் போனார். சின்னம் இன்னும் ஒதுக்கவில்லையாம். எனக்கென்னவோ சாவியையே கேட்டு வாங்குவார் என்று படுகிறது.

உள்ளாட்சித் தேர்தல் பிப்ரவரி 19. அதுவரைக்கும் எங்கள் முழங்கால்களைத் தாங்கள்தான் காப்பாற்ற வேண்டும். திங்கள் காலை 6 மணிக்குக் காதைப் பிடித்துக்கொண்டு தயாராக நிற்போம். பெண்களும் வர விரும்புகிறார்கள். அவர்களுக்குத் தனி வரிசை போட்டால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் தண்டனைக்குக் காத்திருக்கும்
பேட்டைவாசி.

இணைப்பு: இரண்டு தவணைத் தடுப்பூசிச் சான்றிதழின் நகல்.