எழுப்புதல் எதற்கு?

கேள்வி: ஞாயிறுதோறும் எங்கள் ஆலயத்தில் இருக்க இடமில்லை, அப்படியிருந்தும் 'எழுப்புதல் வேண்டும்' என்று போதகர் ஓயாமல் பிரசங்கிப்பானேன்?

பதில்: ஆலயம் நிரம்புவதற்கு நல்ல மின்விசிறிகளும் சுருக்கமான பிரசங்கமுமே போதுமானவை; உள்ளே வந்தமர்ந்தவர்களின் அந்தராத்மா விழித்திருக்கிறதா என்பதே போதகரின் விசாரம். அந்த விழிப்பே எழுப்புதல். 1904-ஆம் ஆண்டின் இறுதியில், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துப் பின் வேதம் பயிலச் சென்ற இவான் ராபர்ட்ஸ் என்னும் 26 வயது வாலிபர், வேல்ஸ் தேசத்தில் தம் சொந்த ஊர்ச் சபையில் ஜெபக்கூட்டம் தொடங்கி, அறிந்த பாவத்தை அறிக்கையிடவும், சந்தேகத்துக்கு இடமான பழக்கங்களைக் கைவிடவும், ஆவியானவருக்கு உடனே கீழ்ப்படியவும், கிறிஸ்துவைப் பகிரங்கமாக ஏற்று அறிவிக்கவும் வேண்டினார். அவரைக் கேட்டவர்களில் அநேகர் ஏற்கெனவே சபையைச் சேர்ந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதன்பின் மதுக்கடைகள் வெறிச்சோடின. பழைய கடன்கள் கேளாமலே திரும்பின. சில ஊர்களில் விசாரிக்க வழக்கின்றி நீதிபதிகள் சும்மா இருந்தனர். வசைமொழிக்கே பழகிய சுரங்கத்து மட்டக்குதிரைகள், தொழிலாளர் திடீரென்று மரியாதையாகப் பேசவே கட்டளை விளங்காமல் திகைத்து நின்றன என்றும் சொல்வார்கள் (குதிரைகளிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை). வேல்ஸ் மிஷனெரிகள் ஊழியம் செய்த நம் நாட்டு வடகிழக்கிலுள்ள காசி மலைநாட்டிலும் 1905-இல் அந்த அனல் பரவிற்று.

தங்கள் சபையில் கட்டட நிதிக் கணக்கைப் பற்றிய வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா என்பதைத் தாங்கள் எழுதவில்லை. உளதாயின், போதகர் இன்னும் சில ஞாயிறுகள் பிரசங்கிக்கட்டும்.